விளம்பரக் கணக்கும் பதவி உயர்வும்: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எடுத்த முடிவுகள்

சென்னையில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 2022 இறுதியிலிருந்து 2025 வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. அந்தக் காலம் முழுவதும் நான் அங்கே வெளி ஆலோசகராக இருந்தேன். சம்பந்தப்பட்ட மூவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஊக்கத்தொகையையும் பதவியையும் ஓர் அளவுகோலோடு கட்டிவிட்டு, பிறகு அந்த அளவுகோலையே சோதிக்க வேண்டிய நிலைக்கு வரும் தலைவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதே இதை எழுதக் காரணம்.

பின்னணி

சிறு வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருளை ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் நிறுவனம் அது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது கடைக்காரர்கள் கணினிக் கணக்குக்கு மாறியே ஆக வேண்டியிருந்தது. நிறுவனம் காலூன்றியது அப்போதுதான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

2022 இறுதியில் சந்தைப்படுத்தல் துறைத் தலைவர் விலகினார். அந்த இடம் தனக்குத்தான் என்று அவருக்கு அடுத்த நிலையில் இருந்த மேலாளர் நம்பினார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நாற்பது வயதை ஒட்டியவர். தொடக்கத்தில் மதுரை கீழமாசி வீதியிலும் சென்னை சௌகார்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கி மென்பொருள் விற்றவர். பிறகு இணைய விளம்பரத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு அந்தப் பிரிவை நிறுவனத்தில் கட்டியெழுப்பினார். அவருடைய சம்பளத்தில் கணிசமான பகுதி ஊக்கத்தொகை. விளம்பரத்தின் வழியாக எத்தனை சந்தாக்கள் வந்தன என்ற ஒரே எண்ணை வைத்து அது கணக்கிடப்பட்டது.

2022 அக்டோபரில் அந்த எண் வெகுவாக ஏறியது. பதவி உயர்வுக்கான அவருடைய விண்ணப்பத்தில் முதல் வரியே அதுதான். ஆனால் அந்த அக்டோபர் 1 முதல்தான் 10 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது மற்ற வணிகர்களுக்குத் தரும் பில்லை அரசின் போர்ட்டலில் பதிவு செய்வது, கட்டாயமானது. அதற்கு முன்பு வரம்பு 20 கோடி. புதிதாக வரம்புக்குள் வந்த வணிகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மென்பொருளைத் தேடினார்கள். சட்டம் கொண்டுவந்த கூட்டம் எவ்வளவு, விளம்பரம் கொண்டுவந்த கூட்டம் எவ்வளவு என்று அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கவனித்தது

சந்தேகத்தை எழுப்பியவர் ஒரு தரவுப் பகுப்பாய்வாளர். மென்பொருள் சோதனைப் பிரிவில் சேர்ந்து, பிறகு தரவுப் பணிக்கு மாறிய இளம் பெண். இணையதளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் தன் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளைச் சேகரிக்காது என்று கூகுள் அறிவித்திருந்ததால், நிறுவன இணையதளத்தின் அளவீடு முழுவதையும் அதன் புதிய கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4க்கு மாற்றும் வேலை 2023 தொடக்கத்தில் அவரிடம் வந்தது. சில வாரங்கள் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடின.

ஒரே மாத விற்பனைக்கு இரண்டும் இரண்டு விதமாகக் கணக்குச் சொல்லின. பழைய முறையில், வாடிக்கையாளர் வாங்குவதற்கு முன் கடைசியாக எந்த வழியில் வந்தாரோ அந்த வழிக்கே விற்பனையின் முழுக் கணக்கும் போகும். அவர் நேரடியாகத் தளத்துக்கு வந்திருந்தால் அதற்கு முந்தைய வழிக்குப் போகும். புதிய முறை அந்தக் கணக்கைப் பல தொடர்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. பகிர்ந்த கணக்கில் விளம்பரத்தின் பங்கு சுருங்கியிருந்தது.

இரண்டில் எது சரி என்று அவர் சொல்லவில்லை. விளம்பரத்துக்கு வந்த சொடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். பெரும்பகுதி, நிறுவனத்தின் பெயரையே கூகுளில் தட்டச்சு செய்தவர்களிடமிருந்து வந்திருந்தது. கரூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம் அவருடைய ஆடிட்டர் நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார். கடைக்காரர் அந்தப் பெயரைத் தேடுகிறார். நிறுவனத்தின் விளம்பரம் முதலிலும், அதே நிறுவனத்தின் இலவச இணைப்பு அதற்குக் கீழேயும் தெரிகின்றன. மேலே இருப்பதைத் தொடுகிறார். கூகுளுக்குக் காசு போகிறது, விற்பனைக் கணக்கு விளம்பரத்தில் ஏறுகிறது, விற்றுக்கொடுத்த ஆடிட்டர் எந்த ஏட்டிலும் இல்லை.

இது அவர் கண்டுபிடித்த புதுமை இல்லை. இணையவழி விற்பனைத் தளமான ஈபே நிறுவனம் 2012இல் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. நின்றுபோன விளம்பரச் சொடுக்குகளில் ஏறத்தாழ முழுவதும், 99.5 சதவீதம், இலவச இணைப்பு வழியாகவே திரும்பி வந்துவிட்டது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகியோர் அதை 2015இல் எகனாமெட்ரிக்கா என்ற பொருளியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பகுப்பாய்வாளர் அந்தக் கட்டுரையை நிறுவனத்தின் இயக்குநரிடம் கொடுத்தார். ஆனால் ஈபே உலகறிந்த பெயர். தென்மாநிலக் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த பெயருக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பகுப்பாய்வாளரே சொன்னார்.

முதல் முடிவு: ஊக்கத்தொகையைப் பிரித்தெடுத்தது

இயக்குநர் முதலில் செய்தது, பெரும்பாலோர் செய்வதுதான். இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று மேலாளரிடமே கேட்டார். சில வாரங்கள் கழித்துத் தடிமனான ஓர் அறிக்கை வந்தது. சொடுக்குகள் கூடியிருக்கின்றன, ஒரு சொடுக்கின் செலவு குறைந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. விளம்பரம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை.

அந்த மேலாளர் நேர்மையற்றவர் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்த ஊக்கத்தொகையை நம்பி இருந்தன. தன் கைப்பட வளர்த்த எண்ணைத் தானே குறைத்துக் காட்டச் சொன்னால் எவருடைய கண்ணும் வேறு பக்கம்தான் போகும். தவறு, கேட்ட விதத்தில் இருந்தது.

2023 மார்ச்சில் இயக்குநர் இரண்டு முடிவுகள் எடுத்தார். துறைத் தலைவர் நியமனத்தை ஏப்ரல் பணி மதிப்பீட்டோடு முடிக்காமல் தள்ளிவைத்தார். அடுத்த இரண்டு காலாண்டுகளுக்கு மேலாளரின் ஊக்கத்தொகை, சோதனையின் முடிவு எதுவானாலும், முந்தைய ஆண்டின் சராசரிப்படியே கிடைக்கும் என்று எழுத்தில் கொடுத்தார். நிதித் தலைவர் கடுமையாக எதிர்த்தார். "வராத விற்பனைக்கு ஊக்கத்தொகை கொடுத்ததாகத் தணிக்கையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?" என்றார். சோதனைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் இயக்குநர்.

இந்த நிகழ்வு முழுவதிலும் எடுத்த முடிவுகளில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. கடிதம் கிடைத்த பிறகு மேலாளரின் பேச்சே மாறியது. எந்தெந்தப் போட்டியாளர்கள் நம் பெயரில் விளம்பரம் வைக்கக் காத்திருக்கிறார்கள், எந்த மாநிலத்தில் நம் பெயர் பலவீனம் என்று அவரே பட்டியல் கொடுத்தார். சோதனை வடிவமைப்பில் அந்தப் பட்டியல் பெரிதும் உதவியது.

சோதனை

ஏப்ரலில் மாவட்ட வாரியாகத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் பாதி மாவட்டங்களில் நிறுவனப் பெயருக்கான விளம்பரம் நிறுத்தப்பட்டது, மீதியில் தொடர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் கணக்கு குழம்பியது. மொபைல் இணையத்தில் வருபவரின் ஐ.பி. முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்பின் அடையாள எண், பல நேரங்களில் அவர் இருக்கும் ஊரைக் காட்டுவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பு மையம் உள்ள நகரையே காட்டுகிறது. விருதுநகர் அஞ்சல் குறியீட்டோடு பதிவு செய்தவர் சென்னையிலிருந்து விளம்பரத்தைத் தொட்டதாகப் பதிவானார். நிறுத்தியதாக நினைத்த மாவட்டங்களிலும் விளம்பரம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

பகுப்பாய்வாளர் அந்தச் சோதனையைக் கைவிட்டு மாநில வாரியாக மாற்றினார். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நிறுத்தம். கேரளம், ஆந்திரம், தெலங்கானாவில் வழக்கம்போல் விளம்பரம். வாடிக்கையாளர் எந்த மாநிலம் என்பதைக் கூகுளிடம் கேட்கவே தேவையில்லாத ஒரு வழியையும் அவர் கண்டுபிடித்தார். மென்பொருளை நிறுவும்போது ஒவ்வொரு வணிகரும் தம் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணை உள்ளிடுகிறார். எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த அந்த 15 இட எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32, தெலங்கானாவுக்கு 36, ஆந்திரத்துக்கு 37. பதிவு எண் இல்லாத சிறு கடைகளுக்கு மட்டும் அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொண்டார். விளம்பரம் விற்பவர் தரும் கணக்கை விட்டு, விற்ற பொருளே தரும் கணக்குக்கு மாறிய இடம் இது. தொழில்நுட்பமும் சந்தைப்படுத்தலும் தெரிந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

இதற்கிடையில் மே 10 அன்று மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். எல்லா மாநிலங்களிலும் விசாரணைகள் ஏறத் தொடங்கின. முந்தைய மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டிருந்தால், விளம்பரத்தை நிறுத்தியதால் விற்பனை கூடியது என்ற அபத்தமான முடிவுக்கு வந்திருப்பார்கள். சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்று. ஆகவே மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிட்டபோது அதன் தாக்கம் இரு பக்கமும் கழிந்துபோனது.

ஜூன் இறுதியில் முடிவு தெளிந்தது. தமிழ்நாட்டின் புதிய சந்தாக்கள் விளம்பரம் ஓடிய மாநிலங்களோடு சேர்ந்தே ஏறி இறங்கின. இருந்த சிறு வேறுபாடு வழக்கமான வாராந்தர ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியது. கர்நாடகத்தில் சரிவு தெரிந்தது. அங்கே காலியான இடத்தில் ஒரு போட்டி நிறுவனத்தின் விளம்பரம் உட்கார்ந்துவிட்டது. மேலாளர் கொடுத்த பட்டியலில் முதலில் இருந்த அதே போட்டியாளர். அதாவது, மேலாளரின் அச்சத்துக்கு ஒரு மாநிலத்தில் முழு நியாயம் இருந்தது.

முடிவை அறிவித்த விதம்

ஜூலை மாதாந்தரக் கூட்டத்தில் இயக்குநர் இந்த முடிவுகளின் வரைபடத்தைத் திரையில் போட்டார். இரு துறைகளும் அமர்ந்திருந்தன. மேலாளர் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். தமிழ்நாட்டுக் கோட்டைக் காட்டி இயக்குநர் பேசி முடிக்கும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "இது எத்தனை நாளாகத் தெரியும், மேடம்?" என்று மட்டும் இயக்குநரிடம் கேட்டார். பகுப்பாய்வாளர் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

கர்நாடகத்தைப் பற்றிய பாதி அன்று பேசப்படவே இல்லை, நேரம் முடிந்துவிட்டது. தவறென்று தெரிந்த பாதி எல்லோர் முன்னும் வந்தது, சரியென்று தெரிந்த பாதி பிறகு ஒரு மின்னஞ்சலில் போனது. அடுத்த பல நாட்கள் விளம்பரக் குழுவினர் பகுப்பாய்வாளரின் மின்னஞ்சல்களுக்கு ஒற்றை வரியில்தான் பதில் அனுப்பினார்கள். மார்ச்சில் அவ்வளவு கவனமாகச் சேர்த்த நம்பிக்கை ஒரே கூட்டத்தில் கரைந்தது.

யாருக்கு எந்தப் பொறுப்பு

துறைத் தலைவர் பதவிக்குப் பகுப்பாய்வாளரையே கொண்டுவர இயக்குநர் விரும்பினார். திறமையான இளம் பெண், நிறுவனத்துக்குப் பணம் மிச்சப்படுத்தியவர், மற்றவர்களுக்கும் ஊக்கமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். மறுத்தவர் பகுப்பாய்வாளர்தான். "யாருக்கு என்ன வேலை, யாருக்கு எப்போது விடுப்பு என்பதையெல்லாம் நான் இன்னும் பார்த்ததில்லை, மேடம். அதைக்கூடக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்த முடிவு வந்த கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், நாற்காலிக்காகத்தான் கணக்குப் போட்டேன் என்பார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கணக்குச் சொன்னாலும் எடுபடாது."

நான் அருகில் இருந்து கேட்ட பேச்சுகளில் மனத்தில் நின்றது இது. சந்தாக்கள் எவ்வளவு என்பதை அளப்பவரே அதை வளர்க்கும் துறைக்கும் தலைவரானால், மேலாளர் சிக்கியிருந்த அதே இடத்தில் அவரும் போய்ச் சிக்குவார்.

அளவீட்டுப் பணி முழுவதும் சந்தைப்படுத்தல் துறையிலிருந்து எடுக்கப்பட்டு நிதித் தலைவரின் கீழ் வந்தது. பகுப்பாய்வாளருக்குத் தலைமைப் பகுப்பாய்வாளர் என்ற பதவி. கீழே ஆட்கள் இல்லாவிட்டாலும் மேலாளர்களுக்கு நிகரான சம்பளம். நம் வீடுகளில் ஒருவர் முன்னேறியதை அவருக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டுத்தான் அளக்கிறோம். அவருடைய உறவினர்களும் அதையே கேட்டார்கள். வல்லுநர்களை வல்லுநர்களாகவே வளர விடும் பாதை உலகின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் பல காலமாக இருக்கிறது. சிறிய நிறுவனங்களில் இன்னும் அரிது. நல்ல பொறியாளரைச் சுமாரான மேலாளராக்கி இருவரையும் இழப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மேலாளருக்கு ஆடிட்டர்கள் வழியாக நடக்கும் விற்பனையின் பொறுப்பு தரப்பட்டது. காரணம் வலுவானது. எங்களைப் பற்றி யார் சொன்னார் என்று பதிவுப் படிவத்தில் சேர்த்த கேள்விக்குத் தமிழ்நாட்டில் அதிகம் வந்த பதில் ஆடிட்டர் என்பதே. ஆடிட்டர்களோடு பழகத் தெரிந்தவர் நிறுவனத்தில் அவர் ஒருவர்தான். சம்பளம் குறையவில்லை, நின்றுபோன விளம்பரப் பணத்தின் பெரும்பகுதியும் அவரிடமே வந்தது. ஆனால் பதவியின் பெயர் மேலாளர் என்றே இருந்தது. துறைத் தலைவர் இருக்கையை இயக்குநர் தற்காலிகமாகத் தானே வைத்துக்கொண்டார்.

"பத்து ஆண்டு கழித்து மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றச் சொல்கிறீர்களா?" என்று அவர் கேட்டார். இயக்குநரிடம் அதற்கு நல்ல பதில் இருந்தது. இந்தப் பணி நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டு துறைத் தலைவர் பொறுப்பை அவருக்கே தரும் எண்ணம் அவருக்கு இருந்தது, என்னிடம் சொல்லியுமிருந்தார். மேலாளரிடம் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் போனால் என்ன செய்வது என்று தயங்கினார்.

பிறகு நடந்தவை

மேலாளர் மனக்குறையோடு போனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஈரோடு, திருப்பூர், கரூர், நாகர்கோவில் என்று ஆடிட்டர்களையும் அவர்களுடைய கணக்கர்களையும் கூட்டி இ-இன்வாய்ஸ் பயிற்சி நடத்தினார். போர்ட்டலில் பில்லை ஏற்றுவதைக் கணக்கர்களின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். அப்படி வந்த வாடிக்கையாளர்கள் ஆண்டு முடிவில் சந்தாவைப் புதுப்பிப்பதும் அதிகமாக இருந்தது.

2024 ஏப்ரல் மதிப்பீட்டில் அவருக்கு நல்ல மதிப்பெண்ணும் சம்பள உயர்வும் கிடைத்தன. பதவி கிடைக்கவில்லை, கிடைக்கும் என்ற சொல்லும் கிடைக்கவில்லை. மே மாதம் விலகல் கடிதம் கொடுத்தார். அப்போதுதான் இயக்குநர் தன் எண்ணத்தை வெளிப்படையாகச் சொன்னார். வேறொரு நிறுவனத்தில் துறைத் தலைவராகச் சேர மேலாளர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். மூன்று மாத நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடித்து, ஆடிட்டர் பட்டியலை ஊர் வாரியாக ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆனால் பட்டியலில் உள்ள பெயர்கள் நிறுவனத்தை நம்பி வந்தவை அல்ல, அவரை நம்பி வந்தவை. சில ஊர்களில் அந்தத் தொடர்பு அவரோடு போய்விட்டது. குழுவிலிருந்து ஒருவரும் பின்னால் போனார்.

தமிழ்நாட்டில் நிறுவனப் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்தியே வைத்த முடிவும் அப்படியே நிலைக்கவில்லை. 2024இல் கர்நாடகத்துப் போட்டியாளர் தமிழ்நாட்டிலும் நிறுவனத்தின் பெயருக்கு விளம்பரம் வைக்கத் தொடங்கினார். வாரம் ஒருமுறை தேடல் பக்கத்தைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கத்தைத் தலைமைப் பகுப்பாய்வாளர் ஏற்படுத்தியிருந்ததால் உடனே தெரிந்தது. சென்னையிலும் கோவையிலும் விளம்பரம் மீண்டும் தொடங்கியது. நகர அளவில் குறிவைப்பது துல்லியமில்லை என்று தெரிந்தே செய்தார்கள். இந்த முறை அது சோதனை இல்லை, தற்காப்பு.

தலைமைப் பகுப்பாய்வாளர் 2024 மதிப்பீட்டில் கேட்ட ஒரே கேள்வி, இதற்கு மேல் என்ன என்பது. பதில் யாரிடமும் இல்லை. வல்லுநர் பாதை என்று சொன்னார்களே தவிர, அதில் ஒரு படிதான் கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து அவருக்கு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. அடுத்த படிகளையும், ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கப்படும் பணியையும் மனிதவளப் பிரிவு எழுதி முடிக்க அந்த ஆண்டின் இறுதியாகிவிட்டது. அவர் காத்திருந்தார். இப்போது, அவரே கேட்டுக்கொண்டபடி, இரண்டு இளைஞர்கள் அவரிடம் பணி கற்கிறார்கள்.

மாற வேண்டியவை

ஊக்கத்தொகையை அளவுகோலிலிருந்து பிரித்த பிறகே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஜனவரியில் மேலாளரிடம் கேட்டு, மார்ச்சில் கடிதம் கொடுத்ததால் இடையில் அவர் ஒரு நிலைப்பாட்டை எழுத்தில் எடுத்துவிட்டார். பிறகு அதிலிருந்து இறங்குவது அவருக்குத் தன்மானப் பிரச்சினையானது.

ஜூலை முடிவை முதலில் அவரிடம் தனியாக, கர்நாடகத்திலிருந்து தொடங்கிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். கூட்டத்தில் அதை விளக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்திருக்கலாம் என்று இயக்குநர் இப்போது சொல்கிறார். அப்படிச் செய்திருந்தால் அவர் இன்னும் அங்கே இருந்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

வாக்குக் கொடுக்கத் தயங்கியதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தந்தது. உறுதியான வாக்குத்தான் தர வேண்டும் என்று இல்லை. இன்ன இன்ன பணிகள் நடந்தால், இன்ன மாதத்தில் இந்தப் பதவியைப் பற்றி முடிவெடுப்போம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு தாள் கையில் இருந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பை எதனோடு ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இயக்குநரின் மனத்தில் இருந்த நல்லெண்ணத்தை அவர் எப்படிப் படித்திருக்க முடியும்?

துறைத் தலைவர் இருக்கையைத் தற்காலிகமாக வைத்துக்கொண்ட இயக்குநர் ஓர் ஆண்டுக்கு மேல் அதிலிருந்து எழவில்லை. விளம்பர வாசகத்திலிருந்து அச்சுக் கூலி வரை எல்லாம் அவர் மேசையில் தேங்கியது. 2025 தொடக்கத்தில்தான் உள்ளிருந்தே ஒருவர் நியமிக்கப்பட்டார்.

ஊக்கத்தொகைக்கான எண்ணை இப்போது நிதித் துறை ஆண்டுத் தொடக்கத்தில் நிர்ணயிக்கிறது, சட்ட மாற்றத்தால் வரும் ஏற்றத்தைத் தனியாகக் கழித்துவிடுகிறது. புதிய தலைவரின் ஊக்கத்தொகையை ஆடிட்டர் வழி விற்பனையோடு கட்டலாமா என்பதில் இயக்குநருக்கும் நிதித் தலைவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆடிட்டர் சொன்னார் என்று படிவத்தில் எழுதுவதும் வாடிக்கையாளர் தானாகத் தரும் பதில்தான், அதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று தலைமைப் பகுப்பாய்வாளர் இருவருக்கும் எழுதியிருக்கிறார்.